குறுக்கே நின்ற மச்சான்

கஸ்பார் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. வானிலைச் செய்தியை நம்பமாட்டார். டாக்டர் கொடுக்கும் மாத்திரையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். கோயில் மணி அடித்தால்கூட ஒருதரம் சூரியனை அண்ணாந்து பார்த்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் வீட்டு வாசலில்தான் காங்கேயத்துப் பெண் பூங்கொடி, டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். ஏதோ ஆய்வுக்கூடத்தில் என்ஜினியராம். கழுத்தில் அட்டை தொங்கியது. கஸ்பார் அந்த அட்டையைப் பார்க்கவே இல்லை. அட்டையை யார் வேண்டுமானாலும் அடித்து மாட்டிக்கொள்ளலாம்.

“இதுல பேசினா மூணாவது ஆளுக்குக் கேக்காதுங்க ஐயா,” என்றாள் பூங்கொடி.

“கேக்காதுன்னு நீ சொல்லுத. ஒட்டுக்கேட்டவன் வந்து, ‘நான் கேட்டுட்டேன்’னு உங்கிட்டச் சொல்லுவானாக்கும்?”

“அவன் சொல்ல வேண்டாமுங்க. பெட்டியே சொல்லிரும்.”

இந்தப் பதில்தான் கஸ்பாரை நாற்காலியை இழுத்துப் போட வைத்தது.

காரணம் இருந்தது. கஸ்பாரின் ஊர் புன்னைத்துறை, மீனவர் ஊர். அங்கே அப்போது எல்லா வள்ளத்திலும் வயர்லெஸ் உண்டு. வயர்லெஸ் என்பது தெருக்குழாய் மாதிரி. ஒருவர் திறந்தால் எல்லார் குடமும் நிறையும். யாருக்கு மீன் பட்டது, யாருடைய வலை கிழிந்தது, யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் எல்லாருக்கும் கேட்கும். மீன் பட்ட இடத்தைக் கரைக்குச் சொன்னால் போதும், சற்று நேரத்தில் அங்கே திருவிழாக் கூட்டம் கூடிவிடும். அதனால் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கள்ளப் பாஷை வைத்திருந்தது. கஸ்பார் வீட்டில் ‘அத்தைக்குக் காய்ச்சல்’ என்றால் சீலா மீன் பட்டுவிட்டது என்று பொருள். காய்ச்சல் எவ்வளவு என்பதில் இடம் ஒளிந்திருக்கும்.

ஒருநாள் அவருடைய மகள் ஃப்ளோரா கடலிலிருந்து அத்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வாய் மூடவில்லை. கஸ்பாரின் மச்சான் சந்தியாகு பாதி ஊரைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்து நின்றுவிட்டார். “என்ன மருமவளே, அத்தைக்கு இப்ப எப்படி இருக்கு? பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்” என்று நலம் விசாரித்துக்கொண்டே வலையை இறக்கினாராம்.

அன்றிலிருந்து கஸ்பார் மச்சானோடு பேசுவதில்லை. சந்தியாகு, கஸ்பாரின் மனைவி ரெஜினாளுக்குக் கூடப் பிறந்த அண்ணன். ஆகவே ரெஜினாள் மட்டும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

“உள்ள என்ன வச்சிருக்கீய? தொறந்து காட்டும்மா,” என்றார் கஸ்பார்.

பூங்கொடி மூடியைக் கழற்றிக் காட்டினாள். நடுவில் நகக்கண் அளவு ஒரு சில்லு, மீன் செதில் மாதிரி மினுங்கியது.

“முன்னால எல்லாரும் ஒரே பொருள்ல செஞ்சு பாத்தாங்க, முடியலீங்க. வைரம் ஒரு துளி வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் புடிச்சு வெச்சுக்கும். ஆனா தூரத்துக்கு அனுப்பத் தெரியாது. இன்னொரு படிகம் இருக்குதுங்க, வெளிச்சத்தோட நிறத்தையே மாத்தி விடும். அதுக்குப் புடிச்சு வெக்கத் தெரியாது. கண்ணாடி மாதிரி ஒண்ணு, சிந்தாம சிதறாம கொண்டு போய்ச் சேர்க்கும். வேற ஒரு வேலையும் தெரியாது. மூணையும் ஒரே சில்லுல ஒட்ட வெச்சிருக்கறோம்.”

“மூணு மருமவள ஒரே அடுப்படியில விட்டிருக்கீய.”

“அதேதானுங்க!” பூங்கொடி சிரித்துவிட்டாள். “சூடேறுனா ஒருத்தி விரியறா, இன்னொருத்தி விரியவே மாட்டேங்கறா. பிச்சுக்குது. ஒட்ட வெக்கறதுக்குள்ள எங்க கூடத்துல பாதிப் பேருக்கு முடி நரைச்சிருச்சு.”

“கடல் வெயில்ல பிச்சுக்காதா?”

“தெரியலீங்க. அதைப் பாக்கத்தான் உங்க வள்ளத்தைக் கேட்டு வந்திருக்கறனுங்க.”

கஸ்பார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். படித்த ஆள் ஒருத்தி அவர் முகத்துக்கு நேரே ‘தெரியவில்லை’ என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை. அப்படிச் சொல்கிறவள் பொய்க்காரியாக இருக்க முடியாது என்று மனசு சொன்னது. மனசையும் அவர் முழுசாக நம்பவில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார்.

வள்ளத்துப் பாய்மரத்து உச்சியில் ஒரு கண். கரையில் ஆய்வுக்கூடத்தார் நட்ட பெரிய கம்பத்தின் உச்சியில் ஒரு கண். இரண்டுக்கும் நடுவே துளித்துளியாக வெளிச்சம் போகும், வரும். கம்பத்திலிருந்து வீட்டுப் பெட்டிக்குக் கம்பி. நடுவழியில் யாராவது அந்த வெளிச்சத்தைத் தொட்டால் துளியின் நிலை கலைந்துபோகும். கலைந்தால் இரண்டு பெட்டியிலும் விளக்கு சிவக்கும். தொட்டவன் கைக்கு ஒன்றும் கிடைக்காது. இவ்வளவுதான் கஸ்பாருக்குப் புரிந்தது. அதுவே போதும் என்று பூங்கொடியும் சொன்னாள்.

ஃப்ளோரா வள்ளத்தைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் போனாள். புன்னைத்துறையில் சொந்தமாக வள்ளம் ஓட்டும் பெண்கள் இப்போது பத்துப் பேராவது இருப்பார்கள். அன்றைக்கு இவள் ஒருத்திதான். கஸ்பார் கூடத்தில் உட்கார்ந்து பெட்டியின் பக்கத்தில் வாயை வைத்தார். யாருக்கும் சொல்லக்கூடாத ரகசியமாகப் பார்த்து ஒன்று சொல்ல வேண்டும் அல்லவா?

“ஏட்டி ஃப்ளோரா, உங்கம்மா வைக்கிற புளிக்குழம்புல எப்பமும் உப்பு தூக்கலா இருக்கு.”

“கேக்குது,” என்றாள் ரெஜினாள், அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து.

அடுத்து பூங்கொடி ஒரு படகில் போய், நீண்ட கழியின் நுனியில் கண்ணாடித் துண்டைக் கட்டி வெளிச்சத்தின் பாதையில் நீட்டினாள். கூடத்தில் விளக்கு சட்டென்று சிவந்தது. ஃப்ளோராவின் பேச்சு பாதியில் அறுந்தது. கழியை எடுத்ததும் மறுபடி பச்சை. கஸ்பார் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அவ்வளவு பெரிய சிரிப்பை ரெஜினாள் தன் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே கஸ்பார் ஒரு காரியம் செய்தார். வள்ளத்தில் இருந்த பழைய வயர்லெஸ்ஸைத் திருகாணி கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அப்பா, அத எதுக்குக் கழட்டுதீய?” என்றாள் ஃப்ளோரா.

“ஒரு வள்ளத்துக்கு ரெண்டு வாய் எதுக்கு? கூட வார பயலுவ எவனாவது பொழுது போகலன்னு இதுல உளறுவான்.”

“அது இருக்கட்டுமுங்க ஐயா,” என்றாள் பூங்கொடியும். “ரெண்டும் இருந்தா ஒண்ணுக்கொண்ணு தடையில்லைங்க.”

“ஓட்டை இருக்குத பானையில மூடி எதுக்கும்மா?” என்று சொல்லிவிட்டு வயர்லெஸ்ஸை வீட்டில் கருவாட்டுக் கூடைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

ரெஜினாள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தாள் என்பதைக் கஸ்பார் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் வந்த காலத்தைப் புன்னைத்துறை இன்னும் பேசுகிறது. கஸ்பாருக்கு மட்டுமே தெரிந்த ஒரு இடம் கடலுக்குள் உண்டு. தண்ணீருக்கு அடியில் ஆட்டுக் கொம்பு மாதிரி இரண்டு பாறை எழும்பி நிற்கும். கொம்புப் பார் என்று அவரே பெயர் வைத்திருந்தார். ஃப்ளோரா அங்கே வலையை இறக்கினாள். சீலாவும் விளமீனுமாக வள்ளம் அமுங்கி அமுங்கித் திரும்பியது. எங்கே பட்டது என்று ஊரே கேட்டது. கஸ்பார் கடற்கரையில் மீசையைத் தடவிக்கொண்டு, “கடல்லதான்” என்பார்.

ஊர் சும்மா இருக்குமா? அடுத்த பருவத்துக்குள் ஆளாளுக்கு ஒரு பெட்டி வாங்கி மாட்டிக்கொண்டார்கள். சில்லு வெயிலில் பிய்ந்துகொள்ளவில்லை. மூன்று மருமகள்களும் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்தினார்கள். பூங்கொடி கரையில் சின்னதாக ஒரு அறை எடுத்துத் தங்கி, பெட்டிகளைத் துடைத்தும் சரிபார்த்தும் கொடுத்தாள். எல்லார் வீட்டிலும் அவளுக்கு மீன் கொடுத்தார்கள். காங்கேயத்தில் சைவமாக வளர்ந்தவள் புன்னைத்துறையில் முள் எடுக்கப் பழகிக்கொண்டாள்.

வயர்லெஸ்தான் செத்துப்போனது. முன்னெல்லாம் விடிந்தால் அதில் ஒருவன் ராகமில்லாமல் பாடுவான். ஒருவன் கரையில் இருக்கும் பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லுவான், நடுக்கடலில் எல்லா வள்ளமும் சேர்ந்து கைதட்டும். இரண்டு பேர் சண்டை போட்டால் நான்கு பேர் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவார்கள். இப்போது அதைப் போட்டால் இரைச்சல் மட்டும்தான் வந்தது. ஒவ்வொருவராக அணைத்துவிட்டார்கள். “சனியன் ஒழிஞ்சுது” என்றார் கஸ்பார். ஆனாலும் காலையில் காபி குடிக்கும்போது கருவாட்டுக் கூடைப் பக்கம் ஒருதரம் காது போய்த் திரும்பியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம். கஸ்பார் சோற்றில் கை வைத்த நேரம். பெட்டியில் ஃப்ளோராவின் குரல் அவசரமாக வந்தது.

“அப்பா, என்ஜின் நின்னுட்டு. அடியில விசிறியில கயிறு சுத்திக்கிட்டு. கச்சான் காத்து பலமா ஏறுது, வள்ளம் குறுக்க திரும்பிட்டு. நங்கூரம் பிடிக்க மாட்டக்கு. நீங்க ஒடனே…”

விளக்கு சிவந்தது. குரல் அறுந்தது.

கஸ்பார் கையைக் கழுவக்கூட இல்லை. “சந்தியாகு!” என்று கத்தினார். “எந்த நேரத்துல ஒட்டுக்கேக்க வந்திருக்காம் பாரு!” வாசலுக்கு ஓடிக் கரையைப் பார்த்தார். சந்தியாகுவின் வள்ளம் கரையில் இல்லை. ரெஜினாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். குறுக்கலையில் என்ஜின் இல்லாத வள்ளம் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும்.

பூங்கொடிக்குப் போன் போட்டார்.

“இந்தப் பெட்டி வாயைத் தொறக்கச் சொல்லும்மா! எம் மவ நடுக்கடல்ல கெடக்கா!”

“ஐயா… குறுக்க நிக்கறது வெலகற வரைக்கும் அது பேசாதுங்க. அப்படித்தான் செஞ்சிருக்கறோம்.”

“ஒனக்குமா முடியாது?”

“யாராலயும் முடியாதுன்னு சொல்லித்தானுங்க உங்களுக்குக் கொடுத்தேன்.” அவள் குரல் உடைந்தது. உடனே சமாளித்துக்கொண்டாள். “கடலோரக் காவலுக்கு நான் இப்பவே சொல்றனுங்க. எந்த இடமுன்னு சொல்லுங்க.”

எந்த இடம். கட்டின மனைவியின் அண்ணனிடம் சொல்லாத இடம். ஊருக்கே சொல்லாத இடம். கஸ்பார் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

“அவங்க வந்து சேர நேரமாகுமுங்க. பக்கத்துல நம்ம வள்ளம் எதாச்சும் இருக்கும். வயர்லெஸ்ல கூப்புடுங்க ஐயா!”

கருவாட்டுக் கூடை உருண்டது. கஸ்பார் வயர்லெஸ்ஸை இழுத்து, மின்சாரத்தில் மாட்டி, பொத்தானை அழுத்தினார்.

“நான் கஸ்பார் பேசுதேன்! எம் மவ கொம்புப் பார்ல மாட்டிக்கிட்டா. மூணாந்தீவுக்கு நேர் கிழக்க, கரைக் கம்பம் ஊசியாத் தெரியுத எடத்துல இருந்து தெக்க வாங்க! என் எடந்தான், அங்கதான் அத்தன மீனும்! யாரு வேணும்னாலும் வந்து அள்ளிக்கிடுங்க, எம் புள்ளைய மட்டும் பாருங்கய்யா!”

இரைச்சல்.

வள்ளங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டார். ஆட்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரை எல்லாம் திட்டியிருக்கிறாரோ அவர்கள் பெயரையும் சொன்னார். இரைச்சல்தான். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கடல் முழுக்க ஆள் இருக்கிறது, ஒருவனும் காது வைத்திருக்கவில்லை. ஒவ்வொருவனும் தன் வீட்டோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறான். அதற்கு முதல் பெட்டியை வாங்கி மாட்டியவர் அவர்தான்.

ரெஜினாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கஸ்பாரின் கை பொத்தானிலிருந்து நழுவியது.

இரைச்சலுக்குள் ஏதோ கரகரத்தது.

“வே மச்சான், மெதுவா. காது கிழிஞ்சு போச்சு.”

சந்தியாகுவின் குரல்.

“நீரா?”

“நான்தான். இந்த எழவு வயர்லெஸ்ஸ நான் அணைச்சதே இல்ல தெரியுமா? ஒருத்தனும் பேச மாட்டக்கான், இருந்தாலும் ஒரு நப்பாசை. இப்பத்தான் கை ஒழிஞ்சு இத எடுத்தேன். உம்ம மவ என் வள்ளத்துல இருக்கா. பயலுவ ரெண்டு பேரும் இருக்கானுவ. உம்ம வள்ளத்தக் கயிறு போட்டு இழுத்துக்கிட்டு வாரோம்.”

“எம் மவளப் பேசச் சொல்லும்.”

“வாயில சோறு வச்சிருக்கா. எங்க வீட்டுக் குழம்புல உப்பு சரியா இருக்குன்னு சொல்லுதா.”

“அப்பா, நல்லா இருக்கேன்,” என்று சோற்று வாயோடு ஃப்ளோரா பேசியதும் ரெஜினாள் சத்தம் போட்டு அழுதாள், உடனே சத்தம் போட்டுச் சிரித்தாள். கஸ்பார் வயர்லெஸ்ஸை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

வெயில் தாழ்வதற்குள் இரண்டு வள்ளமும் கரைக்கு வந்தன. ஊரே திரண்டு கயிறு பிடித்தது. கஸ்பார் மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, நேரே மச்சானிடம் போனார். சந்தியாகுவின் பாய்மரத்து உச்சியில் நீளக் கழி ஒன்று கட்டியிருந்தது. நுனியில் கண்ணாடிக் கிண்ணம் மாதிரி ஒரு சாமான். சென்னையில் எவனோ சந்து பொந்தில் விற்றதாம், எந்த வெளிச்சத்தையும் ஒட்டுக்கேட்கும் என்று சொல்லி.

“குறுக்க நின்னது நீருதான?”

“நான்தான். ஒரு எழவும் கேக்கல. நல்லா ஏமாத்திட்டான்.”

“நீரு குறுக்க நிக்காட்டா எம் மவ பேசி முடிச்சிருப்பா!”

“பேசி? நீரு கரையில இருந்து வாயால ஊதி ஊதி வள்ளத்தத் தள்ளியிருப்பீராக்கும்?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பூங்கொடி அந்தச் சாமானை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதால ஒரு சொல்லக்கூடப் புடிக்க முடியாதுங்க,” என்றாள். “ஆனா இதை வெச்சு எட்டிப் பாக்கணுமுன்னா வள்ளத்துக்கு ரொம்பப் பக்கத்துல போகணுமுங்க. கரைப்பக்கம் வெளிச்சம் கம்பத்து ஒசரத்துல போகுது, கழி எட்டாது.”

“பக்கத்துல போனேன். வள்ளம் சாஞ்சு சாஞ்சு கெடக்கு. ஒட்டுக்கேக்குத புத்தி போயிட்டு, கயிறத் தூக்கிப் போட்டேன்,” என்றார் சந்தியாகு.

அன்று மாலை சந்தியாகு பல வருஷத்துக்கு அப்புறம் கஸ்பார் வீட்டு வாசற்படி ஏறினார். ரெஜினாள் சீலா மீனை வறுத்துக் குவித்தாள். பூங்கொடிக்கு முள் இல்லாத துண்டாகப் பார்த்து வைத்தாள். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது கஸ்பாருக்குள் பழைய ஆள் விழித்துக்கொண்டான்.

“வே மச்சான், ஒண்ணு கேக்கணும். கடல் என்ன நம்ம தெருவா? கொம்புப் பார் உமக்குத் தெரியாது. பெட்டியில இருந்தும் ஒண்ணும் கேக்கல. அப்பம் நேரா அங்க எப்படி வந்து நின்னீரு?”

சந்தியாகு குனிந்து மீனில் இல்லாத முள்ளைத் தேட ஆரம்பித்தார்.

“நான்தான் சொன்னேன்,” என்றாள் ரெஜினாள்.

“எப்பம்?”

“தெனமும். நீங்க வயர்லெஸ்ஸக் கழட்டுன அன்னையில இருந்து. நீங்க பெட்டியில பேசுதது அடுப்படியில எனக்குக் கேக்காதா? புள்ளைய வாயைக் கட்டிக் கடலுக்கு அனுப்பிட்டு நீங்க மீசையத் தடவிக்கிட்டுத் திரிஞ்சீய. எங்க அண்ணன விட்டா நான் யாரக் காவலுக்கு அனுப்புவேன்?” கரண்டியை அவரைப் பார்த்து நீட்டினாள். “அந்தப் பக்கம் வலை இறக்கக் கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டுத்தான் சொன்னேன்.”

“அந்த வேதனைய மட்டும் கேக்காதீரும் மச்சான்,” என்றார் சந்தியாகு. “சீலா துள்ளித் துள்ளி விழுது. நான் தூரத்துல கையக் கட்டிக்கிட்டு நிக்கேன். எத்தன நாளு! பொழுது போவாமத்தான், நீங்க என்ன பேசுதீயன்னாவது கேப்பம்னு அந்தக் கிண்ணத்த வாங்கினேன்.”

கஸ்பார் தன் தட்டில் இருந்த பெரிய துண்டை எடுத்து மச்சான் தட்டில் வைத்தார். பிறகு பூங்கொடியைப் பார்த்தார்.

“ஏம்மா, மூணாவது ஆளுக்குக் கேக்காதுன்னியே?”

“கடல்மேல போற வெளிச்சத்துக்குத்தானுங்க ஐயா நாங்க பொறுப்பு,” என்றாள் பூங்கொடி. “அடுப்படிக்கு இல்லீங்க.”

ஃப்ளோராவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

மறுநாள் கஸ்பாரே வள்ளத்தில் ஏறி வயர்லெஸ்ஸைப் பழைய இடத்தில் திருகினார். வீட்டுக்கும் ஒன்று வாங்கி வைத்தார். மற்ற வள்ளங்களிலும் போய் நின்று, அணைத்து வைத்தவர்களை ஒரு பிடி பிடித்தார். மீனைப் பற்றிப் பெட்டியில் பேசிக்கொள், மற்றதெல்லாம் இதில் பேசு என்றார். முதல் ஆள் நீதானே பெட்டி வாங்கியது என்று யாரோ கேட்டதற்கு, அதனால்தான் சொல்லுகிறேன் என்றார். விடிந்தால் மறுபடியும் ராகமில்லாத பாட்டு கேட்டது. காபி தொண்டையில் நன்றாக இறங்கியது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் ஃப்ளோரா பெட்டியில் பேசிக்கொண்டிருக்கும்போதே விளக்கு சிவந்தது. ரெஜினாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கஸ்பார் அசையவில்லை. காபியை ஒரு வாய் குடித்துவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்தார்.

“வே மச்சான், வெளக்கு செவப்பா எரியுது. குறுக்க நிக்கது நீருதான?”

“நான்தான்,” என்றது வயர்லெஸ். “வெலகட்டுமா?”

“வேண்டாம்,” என்றார் கஸ்பார். “நில்லும்.”